வாழையிலை லோரியில் ஒரு ஹீட்டர்

நம் ஊரில் ஒரு லோரிக்குள் ஹீட்டர் இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். என் கையால் அதைப் பழுது பார்த்திருக்காவிட்டால் நானும் சிரித்திருப்பேன். மதியம் ஒரு மணிக்கு வெயிலில் நிற்கும் லோரியின் ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை பொத்துப் போகிற ஊர் இது. அதில் ஏறி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சூடு வரட்டும் என்று சுவிட்சைத் தட்டுகிறவன் இருப்பானா? இருந்தார். தட்ட வைத்தது நான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வரிசைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட இடத்தில், வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஒயர்களோடு பழகக் கற்றுக்கொண்ட அளவுக்கு மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளவில்லை. யாராவது வந்தால் இஞ்சினுக்கு மேலே திறந்திருக்கும் முன்மூடிக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அவர்கள் என் முதுகைப் பார்த்துப் பேசுவார்கள். முதுகு தலையாட்டாது என்பதால், வேலையை ஒப்புக்கொண்டேனா இல்லையா என்று தெரியாமலே பலர் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கும்.

வாழையிலை லோரிக்காரரும் அப்படி வந்தவர்தான். கிள்ளானிலிருந்து தினமும் காலையில் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு இலை கொண்டுவருவார். பெரிய உடம்பு, ஐம்பதை நெருங்கிய வயது. பக்கத்தில் அவர் மனைவி. அவர் உயரத்தில் பாதி, குரலில் இரண்டு மடங்கு. அவரை அண்ணே என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிடுவேன். கூப்பிட வேண்டி வந்தால்.

அந்த லோரி மூக்கு நீண்ட பழைய வெளிநாட்டு லோரி. ஒரு காலத்தில் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் தனக்காக வரவழைத்தது. அங்கே குளிர். அதனால் லோரிக்குள், ஓட்டுநரின் காலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ரொட்டி டின் அளவுக்கு வட்டமாக ஒரு ஹீட்டர் பெட்டி. இஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் சுற்றி வரும். பின்னால் இருக்கும் சின்ன மோட்டார் ஒரு காற்றாடியைச் சுழற்றி அந்தச் சூட்டை வெளியே தள்ளும். மேலே ஒரு வாய் கண்ணாடியைப் பார்த்தபடி. துரை ஊருக்குப் போன பிறகு லோரி கை மாறிக் கை மாறி மலையிறங்கிக் கிள்ளானுக்கு வந்தது. ஹீட்டரும் கூடவே வந்தது. அது என்னவென்று அண்ணனுக்குத் தெரியாது.

அக்காவுக்கு மட்டும் அது பயன்பட்டது. அந்தப் பெட்டியின் தலை தட்டையாக இருந்ததால் அதன்மேல் முருகன் படம் வைத்திருந்தார். காலையில் லோரி கிளம்புமுன் சூடம் காட்டி, படத்துக்கு ஒரு சிட்டிகை விபூதி, ஒரு சிட்டிகை குங்குமம், இரண்டு மல்லிகை. மேலே இருந்த காற்று வாய் சின்ன மாடம் மாதிரி இருந்ததால் அதற்குள்ளும் ஒரு சிட்டிகை போடுவார். பத்து வருஷத்துக்கு மேலாக.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது எப்படியென்றால், இந்த ஹீட்டர் விவகாரத்துக்கு ஒரு மாதம் முன்பு அந்த லோரியை ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். ஆறு வோல்ட் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்காத காலம் வந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் லோரி இருமிக்கொண்டே பத்து நிமிஷம் யோசிக்கும். நான் பேட்டரியை மாற்றினேன், டைனமோவை எடுத்துவிட்டு ஜப்பான் காடி ஒன்றின், அதாவது காரின், ஆல்டர்னேட்டரை மாட்டினேன். பல்புகள், காயில், எல்லாம் மாற்றினேன். ஹார்னை மாற்ற மறந்துவிட்டேன். ஆறு வோல்ட் ஹார்ன் பன்னிரண்டில் எப்படிக் கத்தும் என்பதை அண்ணன் மறுநாள் காலை பாசார் சந்தையில் ஒரு மீன்காரருக்குப் பின்னால் நின்று கண்டுபிடித்தார். மீன்காரர் கூடையோடு சாக்கடையில் இறங்கிவிட்டாராம். ஹார்னையும் மாற்றிக் கொடுத்தேன். ஹீட்டர் மோட்டாரைத் தொடவில்லை. அது எப்போதோ செத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நல்ல மழை. லோரி என் தகரக் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. உள்பக்கக் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினது போல் மூட்டம். ஈர இலைக் கட்டுகளில் பாதியை, மேலும் நனையாமல் இருக்க, அண்ணன் உள்ளேயே வைத்துக்கொள்வார். அந்த ஈரமும் இரண்டு பேர் மூச்சும் சேர்ந்து கண்ணாடியில் படிந்துவிடும். அக்கா கையில் பழைய துண்டோடு இறங்கினார்.

"தம்பி, இந்தக் கையைப் பாரு," என்றார் என் முதுகிடம். "கிள்ளான்ல ஆரம்பிச்சு இங்க வர்ற வரைக்கும் துடைக்கிறேன். துடைச்சா மூடுது, துடைச்சா மூடுது. இவர் ஒரு கண்ணால என் கையைப் பார்க்கிறார், ஒரு கண்ணால ரோட்டைப் பார்க்கிறார்."

"கொஞ்சம்தான் மூடுது லா," என்றார் அண்ணன்.

"கொஞ்சமா? லாலான் புல்லு மேட்டுல ஏறினீங்களே, அது ரோடுன்னு நினைச்சா ஏறினீங்க?"

அண்ணன் குனிந்து டயரைப் பார்த்தார்.

அப்புறம் அக்கா முடிவைச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா மகளுக்குப் பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் கல்யாணம். பட்டுச்சேலையோடு துண்டு பிடித்துக்கொண்டு வர முடியாது. அவர் தம்பியின் புதுக் காடியில், ஏர்கோன் போட்டு வருவார். தம்பி ரொம்ப நாளாக லோரியை விற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை நான் அவன் காடியில ஏறினேன்னா, திங்கக்கிழமை இதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துடணும். சொல்லிட்டேன்." இலை வியாபாரம் அவர் அப்பா வழி வந்தது. அவர் சொன்னால் நடக்கும்.

அக்கா டீ குடிக்கப் போனதும் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவ்வளவு பெரிய மனிதரின் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை. "தம்பி, ஏதாவது பண்ணு. நான் வேற வண்டி ஓட்டினதே இல்லை. மச்சான் காடியில ஏறி உட்கார்ந்தா முட்டி காதுகிட்ட வந்துடுது. ஞாயித்துக்கிழமை அவ இதுல ஏறணும். அவ்வளவுதான்."

நான் லோரிக்குள் எட்டிப் பார்த்தேன். முருகனுக்குக் கீழே ஒரு பழைய சுவிட்ச்.

"காத்து வரும்," என்றேன்.

"எங்கிருந்து?"

விரலைக் காட்டினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "முருகன்கிட்டருந்தா?" என்றார்.

மறுநாள் புதன்கிழமை லோரியை என்னிடம் விட்டார்கள். இங்கேதான் என் தப்பு. அந்தப் பெட்டியைக் கழற்றி, திறந்து, சுத்தம் செய்து, மோட்டாரைப் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு முருகன் படத்தை எடுக்க வேண்டும். சாமியை நகர்த்த அக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். இரண்டு தடவை அக்கா முன்னால் போய் நின்றேன். இரண்டு தடவையும் "என்ன தம்பி?" என்று கேட்டார். இரண்டு தடவையும் "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் லோரிக்கு அடியில் படுத்து, சாமியைத் தொடாமல், கீழேயிருந்து ஒயரை மட்டும் கொண்டுபோய் மோட்டாரில் மாட்டிவிட்டேன். ஆறு வோல்ட் மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட். செத்த மோட்டார்தானே, சுற்றுகிறதா என்று மட்டும் ஒரு நொடி பார்ப்போம் என்று நினைத்தேன்.

அண்ணன் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து அந்தக் காற்று வாய்க்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்து இடத்தில் மேற்பார்வை. நான் வெளியே நின்றபடி கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினேன்.

மோட்டார் சாகவில்லை. இத்தனை வருஷத் தூக்கத்துக்கும் சேர்த்து எழுந்தது. ஆறு வோல்ட்டில் துரைக்கு இதமாக ஊதிய காற்றாடி பன்னிரண்டில் அலறியது. பத்து வருஷத்து விபூதி ஒரே மூச்சில் வெளியே வந்தது. கூடவே குங்குமம், சூடச் சாம்பல், காய்ந்து சருகான மல்லிகை, ஒரு பழைய பஸ் டிக்கெட், எப்போதோ முக்தியடைந்த ஒரு கரப்பான். லோரிக்குள் யாரும் தெரியவில்லை. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து அண்ணன் தும்முகிற சத்தமும் அக்கா "முருகா! முருகா!" என்று கூப்பிடுகிற சத்தமும் மட்டும் வந்தன.

சுவிட்சை அணைக்கக் கையை விட்டேன். எனக்குக் கிடைத்தது அண்ணனின் மூக்கு.

நான் சுவிட்சைக் கண்டுபிடிப்பதற்குள் மோட்டாரே நின்றுவிட்டது. இப்போது வந்தது நிஜப் புகை. அரக்கு எரிகிற வாடை. கதவைத் திறந்துகொண்டு அண்ணன் இறங்கினார். தலையிலிருந்து இடுப்பு வரை வெள்ளை, மூக்கின் நடுவில் மட்டும் சிவப்பு. பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். நடந்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. லோரியின் சக்கரத்து மட்காட்டில் படிந்திருந்த விபூதியை மூன்று விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, அண்ணனையும் ஒரு தடவை கும்பிட்டுவிட்டுப் போய் மறுபடி டீயை எடுத்துக்கொண்டார்.

அக்கா இறங்கினார். புருவம் இரண்டும் வெள்ளை. "இப்ப சாமியையும் எரிச்சிட்டீங்க," என்றார்.

"காத்து வந்துச்சு இல்ல?" என்றார் அண்ணன். "பார்த்தியா இல்லையா? காத்து வந்துச்சு!"

"வந்துச்சு. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு இப்படியே வந்து நிக்கறேன். பொண்ணு மாப்பிள்ளை முதல்ல என் கால்ல விழட்டும்."

நான் முன்மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் பத்து நிமிஷம் அங்கேயே இருந்தேன்.

வியாழக்கிழமை பஸ் ஏறிச் சுங்கை பூலோ பக்கம் பழைய காடிகளை உடைத்து விற்கும் ஒரு கடைக்குப் போனேன். லோரிக்கு அடியில் படுத்தே கழற்றியிருந்த எரிந்த மோட்டாரை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன், பேச்சு மிச்சமாகும் என்று. கடை முதலாளியான சீனத் தவுக்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன?" என்று மலாயில் கேட்டார். "ஹீட்டர்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் வந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஹீட்டரா? லண்டன் போறியா?"

"கிள்ளான்," என்றேன்.

அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்தார். கறுப்பு எண்ணெய்க் கையோடு இரண்டு வேலைக்காரர்களும் வந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தவுக்கே சொல்ல, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தவுக்கே என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற காடிகளில் எல்லாவற்றிலும் ஹீட்டர் இருக்குமாம். ஏர்கோனை எடுத்துக்கொண்டு ஹீட்டரை மூலையில் எறிந்துவிடுவார்கள். அந்த மூலையில் ஒரு குன்றே இருந்தது, மேலே கொடி படர்ந்திருந்தது. "எது வேணுமோ எடுத்துக்கோ. ரெண்டு வேணும்னாலும் எடுத்துக்கோ. உனக்கு முன்னால ஒருத்தனும் கேட்டதில்லை," என்றார். நானும் கொடியை விலக்கி, அச்சு நேராக இருக்கிற, கையால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுழல்கிற பன்னிரண்டு வோல்ட் மோட்டார் ஒன்றை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு லோரி வந்தது. இந்தத் தடவை பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்குள் என் கஷ்டத்தை அண்ணனே புரிந்துகொண்டு அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா மணியைப் பார்த்தார். "பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அதுக்கு முன்னால சாமியை எடுக்கக் கூடாது."

நானும் அண்ணனும் ஒன்றரை மணி நேரம் முருகனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கையில் ஸ்பேனர். பன்னிரண்டடித்ததும் அக்கா சூடம் காட்டி, "கொஞ்சம் மேல வந்து உட்காருப்பா," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சொல்லி, படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு மேலே வைத்தார்.

பெட்டியைத் திறந்து மீதமிருந்த விபூதியைத் தட்டினேன். அதை ஒரு டின்னில் சேர்த்து வைத்துக்கொண்டார் அக்கா. பழைய மோட்டாரின் அச்சு பென்சில் அளவு. புதியது அதைவிட மெலிந்தது. பழைய காற்றாடியை அதில் மாட்டினால் தளர்ந்து ஆடியது. பழைய ஐஸ்பெட்டியின் செம்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அரத்தால் ராவி, அச்சுக்குச் சட்டை போட்டது போல் மாட்டி இறுக்கினேன். மோட்டாரைப் பிடிக்கும் பட்டையில் புதிதாக ஓட்டை போட்டேன். ரப்பர் டியூப்பில் வெட்டிய வளையங்களை நடுவில் வைத்தேன், அதிராமல் இருக்க. பேசாமல் செய்கிற வேலை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் நன்றாக இருந்தேன்.

மாட்டி முடித்து, இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் மெதுவாக, அழகாகச் சுழன்றது. காற்று வரவில்லை. அண்ணன் முகம் வாடிப் போனது. பக்கத்தில் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை மட்டும் தானாக எழுந்து, இரண்டு தடவை புரண்டு, போய்க் காற்று வாயில் ஒட்டிக்கொண்டது.

"பத்திரிகையைத் திங்குது!" என்றார் அக்கா.

ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பழைய மோட்டாருக்கு இரண்டு ஒயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுழலும். இது உள்ளே காந்தம் வைத்த மோட்டார். ஒயர் மாறினால் திசை மாறிவிடும். பழைய பழக்கத்தில் மாட்டிவிட்டேன். இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டதும் பத்திரிகை விடுபட்டுப் பறந்து அண்ணன் நெஞ்சில் விழுந்தது. காற்று கண்ணாடியை நோக்கி ஒழுங்காக வந்தது.

"காத்து வருது. சரி. மூட்டம் போகுமா?" என்றார் அக்கா.

வானத்தைப் பார்த்தோம். ஒரு மேகம் இல்லை. மூட்டம் இருந்தால்தானே போகிறதா என்று பார்க்க முடியும்? அக்காதான் வழி சொன்னார். ஈரச் சாக்குகளை உள்ளே போட்டு, கதவுகளையும் ஜன்னல்களையும் மூடி, மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் வாயால் ஊத வேண்டும். எனக்கு நடுவில் இடம். ஒரு பக்கம் அண்ணனின் வயிறு, மறுபக்கம் அக்காவின் முழங்கை.

"ஹா… ஹா… தம்பி, நல்லா ஊது. கூச்சப்படாதே. ஹான்னு சொல்லணும்."

நான் மெதுவாக "ஹா" என்றேன்.

"அது என்ன, டாக்டர்கிட்ட நாக்கு காட்டற மாதிரி? அடிவயித்துலருந்து ஊது!"

ஊதினேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். மூடிய லோரிக்குள் வியர்த்து வழியும் மூன்று பேர் கண்ணாடியைப் பார்த்து ஒன்றாக வாயைத் திறப்பதை அவர்கள் என்னவென்று நினைத்தார்களோ. டீக்கடைப் பெரியவர் இன்றைக்கு விபூதி உண்டா என்று எட்டிப் பார்த்தார். கண்ணாடி நன்றாக மூடியதும் எனக்கு நிம்மதி. வெளியில் இருப்பவர்கள் தெரியவில்லை.

சுவிட்சைத் தட்டினேன். வெறும் காற்றுக்கு மூட்டம் பாதிதான் விலகியது. இறங்கிப் போய், துரை ஊருக்குப் போனதிலிருந்து மூடிக் கிடந்த சுடுதண்ணீர்க் குழாயைத் திருகித் திறந்துவிட்டு வந்தேன். ஒரு நிமிஷத்தில் சூடான காற்று வந்தது. கண்ணாடியின் கீழிருந்து மூட்டம் ஏறி ஏறி மறைந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் நின்று எங்களையே பார்ப்பது பளிச்சென்று தெரிந்தது.

"வெயில்ல போகுது. மழையில பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் விடிந்ததிலிருந்தே கொட்டியது. ஏதாவது கழன்று விழுந்தால் மாட்டுவதற்கு நானும் கூட இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதால், முதல் பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, பைக்குள் ஸ்க்ரூ டிரைவர். வாசலில் அக்காவின் தம்பியான மைத்துனரின் புதுக் காடி நின்றது, ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் லோரி, ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வேட்டி சட்டையில் லோரிக்குள் உட்கார்ந்து, மனைவி வெளியே வருவதற்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுடுதண்ணீர்க் குழாய் திறந்து இருபது நிமிஷம் ஆகிவிட்டதால் அவர் முகம் அவித்த நண்டின் நிறத்துக்கு வந்திருந்தது.

அக்கா குடையோடு வந்தார். மைத்துனர் காடிக் கதவைத் திறந்து, "அக்கா, வாங்க. உள்ள ஜில்லுன்னு இருக்கு," என்றார்.

அக்கா காடியின் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு லோரியின் கண்ணாடியைப் பார்த்தார். அவ்வளவு மழையில் அது கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால் அண்ணனின் நண்டு முகம், மூச்சு விடாமல். அக்கா குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு லோரியில் ஏறினார்.

"அக்கா!" என்றார் மைத்துனர்.

"நீ முன்னால போ," என்றார் அக்கா.

நான் மறுபடியும் நடுவில். ஃபெடரல் ஹைவேயில் ஏறுகிற வரை எல்லாம் நன்றாகவே போனது. சூடு தாங்கவில்லை என்பதைத் தவிர. அக்காவின் பொட்டு கரைந்து மூக்கை நோக்கி இறங்கியது. அண்ணன் மெல்லப் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். கை ஓய்ந்த அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக ரோட்டைப் பார்த்தார். மழை இல்லாத நாளில் தூங்கிக்கொண்டே வருவார், மழை நாளில் துடைத்துக்கொண்டே.

"ஏங்க, அந்தப் பஸ் ஏன் இவ்வளவு கிட்டக்க இருக்கு?"

"அவன்தான் கிட்டக்க வரான்."

"அவன் நின்னுட்டிருக்கான்."

பிரேக் போட்டார். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஒரு காடி ஹார்ன் அடித்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் கையைத் தூக்கி ஆட்டினார். அக்காவிடம் திரும்பி, "தெரிஞ்சவரு," என்றார்.

அந்தக் காடி எங்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்தவர் கண்ணாடியை இறக்கி, மழையில் நனைவதையும் பார்க்காமல், அண்ணனைப் பார்த்து நிறையப் பேசினார். எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடி சுத்தமாக இருந்ததால் முகம் தெரிந்தது.

"அவர் யாரு?" என்றார் அக்கா.

"பாசார்ல பார்த்திருக்கேன்."

கொஞ்ச தூரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள்காரர் ஓரத்தில் ஒதுங்கி நின்று கையை உயர்த்திக் காட்டினார். அது வணக்கம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

"அவரும் தெரிஞ்சவரா?"

"இல்ல… அவர்…"

"இத்தனை வருஷமா ஹார்ன் அடிச்சவங்க எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு சொன்னீங்க. கிள்ளான்ல நம்ம மாதிரி மதிப்பு யாருக்கு இருக்குன்னு நான் என் அக்கா வீட்டுல போய்ச் சொல்லியிருக்கேன்!"

அண்ணன் பாட்டை நிறுத்தியிருந்தார். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டரையே பார்த்தேன். அது அருமையாக வேலை செய்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. அண்ணன் எந்தக் கோட்டில் போகிறார், எப்போது சிவப்பு விளக்கு வந்தது, அதற்கு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு அவர் நின்றார் என்று எல்லாமே தெரிந்தது.

மண்டபத்தில் இறங்கியபோது மூன்று பேரும் வெளியே மழையில் நின்றவர்களைவிட அதிகமாக நனைந்திருந்தோம். மைத்துனர் காய்ந்த சட்டையோடு ஓடி வந்தார். "என்னக்கா, பார்த்தீங்களா? நாளைக்கே இரும்புக்காரனுக்குச் சொல்லிடறேன்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் லோரியின் மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"லோரியில ஒரு குறையும் இல்லை," என்றார் அக்கா. "லோரி இருக்கட்டும். இவரைத்தான் இனிமே நான் பார்த்துக்கணும். உன் காடியில வந்தா இவர் எப்படி வராருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். பின்பாதி வாக்கியம் அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் தன் வடையையும் எடுத்து வைத்தார். அது அவர்கள் கொண்டுவந்து கொடுத்த இலை.

பின்பாதி வாக்கியம் திங்கட்கிழமையிலிருந்து தெரிய வந்தது. அக்கா தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுத்தமான கண்ணாடி வழியாக, ஒரு திருப்பத்தையும் ஒரு விளக்கையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். லோரி இப்போது சைக்கிளுக்கு வழி விட்டது. மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே நின்றது. முன்பு ஏழு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் வந்துகொண்டிருந்த இலை ஒன்பதரைக்கு வந்தது, மழை நாளில் பத்தேகாலுக்கு.

மூன்றாவது வாரம், மூலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் என் கொட்டகைக்கு வந்தார். நான் முன்மூடிக்குள் போய்விட்டேன்.

"என்னா பாஸ்," என்றார் என் முதுகிடம். "இட்லி வெந்து ஆறிப் போகுது, இலை வரலை. தட்டுல போட்டா ஆளுங்க முறைக்கிறாங்க. அந்த லோரிக்கு நீ என்ன பண்ணினே?"

"மோட்டார் மாத்தினேன்."

"பழசையே மாட்டிக் கொடுத்துடேன் லா."

"அது எரிஞ்சு போச்சுண்ணே," என்றேன். அன்றைக்கு லோரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.